புறங்கை

எழுந்துபோய் அந்த டிவி வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று எத்தனையாவது தடவையாக நினைக்கிறேனோ தெரியாது, ஆனால் எழுந்திருக்கத்தான் மாட்டேன், எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவர் அதோ பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வேர்க்கடலையைத் தேய்த்துத் தோலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கிறார், என் வீட்டுக்காரர் சிவநேசன், இந்த வீட்டில் என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே மனுஷர். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் கூடியாயிற்று. அத்தை சோபாவில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்துவிட்டார். நாத்தனார் அகிலா உறையூரிலிருந்து இதற்காகவே ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள், அவள் வீட்டு டிவி சின்னதாம், ருத்ராவைச் சின்னதாகப் பார்க்க முடியாதாம். செஃப் ருத்ராவின் வாழ்க்கையைப் படமாக எடுத்து டிவியில் போடுகிறார்கள், பெயர் ‘அக்கினிக் கரண்டி’, அந்தப் பெயரை வைத்தவன் வாயில் வசம்பைத்தான் தேய்க்க வேண்டும், ஒரு வாரமாக விளம்பரம் போட்டுப் போட்டு ஊரையே டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். உண்மைச் சம்பவம் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டான். உண்மை எது என்று என்னைக் கேட்டானா? என்னை யாரும் கேட்கவில்லை. படத்தில் நான் இருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள், வேறு என்ன செய்திருப்பார்களோ தெரியாது. இவருக்கும் தெரியும், நான் வருவேன் என்று. தெரிந்தும் காலையில் அகிலா போன் செய்து வரட்டுமா என்றபோது தாராளமா வா என்றார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தாராளமா வா. அந்தத் தாராளம் இன்னும் காதில் நிற்கிறது.

இப்போது ருத்ராவுக்குப் படத்தில் பத்து வயது, அம்மாவுக்குக் காய்ச்சல், அடுப்பில் விறகு ஈரம், பையன் ஊதி ஊதிக் கஞ்சி வைக்கிறான், கண்ணில் தண்ணீர், புகையா அழுகையா என்று தெரியாமல் பின்னணியில் புல்லாங்குழல். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பாவம் பிள்ளை என்கிறார். பிள்ளை. அத்தைக்கு அவன்மேல் பிரியம் இன்று நேற்று வந்ததில்லை, அவன் டிவியில் சமையல் போட்டி நடத்திய காலத்திலிருந்து, யார் தட்டையோ தூக்கி எறிந்து, இதை உங்க வீட்டு நாய் தின்னுமா என்று ஒரு பெண்ணைக் கேட்டு அழவைத்த காலத்திலிருந்து. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு சொல்வார். அவன் பெயரில் குழம்புப் பொடி வந்தபோது முதல் பாக்கெட்டை இந்த வீட்டில்தான் வாங்கியிருப்பார்கள். மாதாமாதம் வாங்குகிறார், மாதாமாதம் நான் அதை வாசல் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு நானே அரைத்த பொடியை அந்த டப்பாவில் நிரப்பி வைக்கிறேன், ருத்ரா பொடி வந்ததுக்கப்புறம்தான் குழம்பு குழம்பா இருக்கு என்று என் பொடியை என்னிடமே புகழ்கிறார். சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதும் அதையே சொன்னார், இவர் தலையைத் தட்டிலிருந்து தூக்காமல் ஆமாம்மா என்றார், பொடி மாற்றுகிற கதை இவருக்குத் தெரியும், கண்டுபிடித்த அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார், நீ பலே கைகாரிடி என்றார். சிரித்ததோடு சரி. அந்தப் பாக்கெட்டை வாங்காதேம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷத்தில் அவருக்கு வாய் வரவில்லை.

வந்துவிட்டாள். நான் வந்துவிட்டேன். ஐயோ, இதுவா நான்? மோகனாவாம் பெயர். ஓட்டல் சமையலறைக்குள் கூந்தலைத் தழையவிட்டுக்கொண்டு கொலுசு சத்தத்தோடு நுழைகிறாள், எந்த ஓட்டலில் உள்ளே விடுவான், தலைக்கு வலை போடாமல் அடுப்புப் பக்கம் போனால் முதல் வசவு ருத்ராவிடமிருந்துதான் விழும். உதட்டுச் சாயம் வேறு. எனக்கு அப்போது இருந்தது ரெண்டே ரெண்டு வெள்ளைக் கோட்டு, ஒன்று உடம்பில், ஒன்று ஹாஸ்டல் கொடியில், ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு நுங்கம்பாக்கத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், உதட்டுக்குச் சாயம் பூச யாருக்கு நேரம் இருந்தது. அவள் ருத்ராவைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரிக்கிறாள். பாருடி, பார்வையே சரியில்லை என்கிறார் அத்தை. அகிலா போனில் ஊரார் எழுதுவதையெல்லாம் வாசித்துக் காட்டுகிறாள், படம் ஓடும்போதே எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வேலை வெட்டி இல்லாத ஜனங்கள். இவளைப் பார்த்தாலே தெரியுது என்று ஒருத்தன். இந்த மாதிரி பொம்பளைங்களால்தான் நல்ல மனுஷங்க கெட்டாங்க என்று ஒருத்தி, ஒருத்திதான், பூப்படம் வைத்திருக்கிறாளாம் முகத்துக்குப் பதிலாக. நிஜத்துல இவ பேர் என்னன்னு யாருக்காச்சும் தெரியுமா என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். அகிலா அதையும் சிரித்துக்கொண்டே வாசித்தாள். யாருக்காவது தெரிந்திருந்தால்? அந்த ஓட்டலில் வேலை பார்த்த எவனாவது இப்போது கட்டை விரலால் என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தால்? வசுமதி, திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி என்று எழுதினால் போதுமே. இவரைப் பார்த்தேன். கடலைத் தோல் வேட்டியில் விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார், மும்முரமாக.

என்ன நடந்தது என்று இவர்களுக்குத் தெரியுமா. நடந்தது சின்ன விஷயம், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, ஒரு மிளகாய் கிள்ளுகிற நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. அடை போடுகிற கல்லுக்கு முன்னால் நின்றேன். பெரிய மனுஷர்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு அவனுக்குக் காலையிலிருந்தே சூடு. கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் புறங்கை கல்லைப் பார்க்கிற மாதிரிக் காட்டிக்கொண்டிருந்தேன், கல்லுக்கு நாலு விரல் உயரத்தில். தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், தெளித்தால் சொய்யென்று சத்தம் வரும், அவனுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அதனால் எல்லாரும் புறங்கைதான். என்ன, கல்லு காஞ்சுதா என்று பின்னாலிருந்து கேட்டான். இன்னும் இல்லை செஃப் என்றேன். இல்லையா, நல்லாப் பாரு என்று என் கைமேல் அவன் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். சிரித்துக்கொண்டே. கல்லுக்கும் அவன் கைக்கும் நடுவில் என் கை. கத்தினேனா என்பது எனக்கு ஞாபகமில்லை, மற்றவர்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது, அவன் சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். அப்புறம் அவன் இப்ப காஞ்சிடுச்சு, மாவை ஊத்து என்று சொல்லிவிட்டுப் போனான். ஊற்றினேன். அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை, அந்தக் கையோடு நான் அடை ஊற்றினேன், அடை வெந்து மேஜைக்குப் போயிற்று, யாரோ பெரிய மனுஷன் சாப்பிட்டுவிட்டு பேஷ் என்றிருப்பான். போலீசுக்குப் போனது மறுநாள். கேஸ் நடந்தது. கூட நின்று சிரித்த வாயெல்லாம் கோர்ட்டில் நாங்கள் கவனிக்கவில்லை என்றது. அவளே கையை வைத்துக்கொண்டிருக்கலாம் என்றார் அவனுடைய வக்கீல், மெதுவாக, ரொம்ப மரியாதையாக, அம்மா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே. அவனை விட்டுவிட்டார்கள். அந்த வக்கீல் சொன்னதைத்தான் இப்போது படமாக எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஏனோ சட்டென்று தோன்றிவிட்டது.

சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. மோகனா ருத்ராவின் அறைக்குப் போகிறாள், அவர் கடிந்து வெளியே அனுப்புகிறார், யோக்கியர். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருமில்லாத சமையலறைக்கு வந்து, எரிகிற அடுப்பில் கிடக்கிற கல்லைப் பார்க்கிறாள். இசை ஏறுகிறது. உள்ளங்கையை விரித்துக் கல்லின்மேல் தானே வைக்கிறாள். அடிப்பாவி என்றாள் அகிலா. நல்ல குடும்பத்துல பொறந்தவ செய்வாளா, கொள்ளியை எடுத்து இவ வாயிலேயே வைக்கணும் என்றார் அத்தை, போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அத்தை, அதே கையை டிவியை நோக்கி நீட்டிச் சொல்கிறார். எனக்கு யார்மேல் கோபம் வர வேண்டும் என்றே தெரியவில்லை, எல்லார்மேலும் வருகிறது, அந்த நடிகைமேல், புல்லாங்குழல் வாசித்தவன்மேல், இந்த சோபாமேல். இதில் ஒரு கேவலம் என்னவென்றால், அந்தப் பொய்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. என் தழும்பு புறங்கையில். படத்தில் உள்ளங்கை. அவர்கள் உள்ளங்கை என்று காட்டிவிட்டதால் இங்கே யாரும் என் கையைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, இதே கையால்தான் இப்போது காபி கொடுத்தேன், வாங்கிக் குடித்துக்கொண்டே என்னைத் திட்டுகிறார்கள். அவன் பொய்யின் நிழலில் நான் ஒண்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது காறித் துப்பலாம்போல் இருந்தது. அப்போதுதான் அத்தை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாக, சீரியலில் புடவைக் கட்டைக் குறை சொல்கிற மாதிரி சொன்னார்: “என்ன படம் எடுக்குறான். கல்லுக்கிட்ட எவளாவது உள்ளங்கையக் கொண்டு போவாளா? புறங்கையால்ல காட்டுவோம்.”

இவர் வாயில் கடலை நின்றது. பார்த்தேன், தாடை அசையவில்லை. அகிலா, சினிமாக்காரனுக்கு அடுப்படி என்னம்மா தெரியும் என்று போனிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். அத்தை ஆமாம் என்றார். அவ்வளவுதான், அது போய்விட்டது, உண்மை இந்தக் கூடத்துக்குள் வந்து என் பக்கத்தில் உட்காராமல் வெளியே போய்விட்டது, நான் மூச்சை விடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, மடியில் கிடந்த என் கைமேல் தன் கையை வைத்தார். எல்லார் முன்னாலும். இந்த மனுஷர் கல்யாணமானதிலிருந்து அம்மா எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது, கோவில் வரிசையில்கூட ரெண்டடி தள்ளித்தான் நிற்பார். பரவாயில்லை, இவருக்கும் தாங்கவில்லை, இதோ சொல்லப் போகிறார், நிறுத்துங்கம்மா என்று சொல்லப் போகிறார். சொல்லுவேன் என்று சொன்னவர்தானே. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு நானே தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து, கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், ஜூஸை ரெண்டு பேரும் குடிக்கவேயில்லை. இனிமே உன்னை ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன் என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு, பொய் இல்லை, நான் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கழுத்தை நீட்டினேன். வீட்டுல மட்டும் எண்ணெய் கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம், அம்மா பழைய ஆளு என்று அடுத்த வாரம் போனில் சொன்னதைக்கூட அன்புதான் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அவர் கை என் கைமேல். கனமாக. ஆனால் விரலைக் கோக்கவில்லை. தட்டிக் கொடுக்கவில்லை. கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை, தழும்பு எவ்வளவு தூரம் போகிறதோ சரியாக அவ்வளவு தூரத்துக்கு விரித்து வைத்திருக்கிறார். நான் லேசாகக் கையை இழுத்துப் பார்த்தேன். அமுக்கினார். ஆறுதல் சொல்ல வரவில்லை இந்த ஆள். மூட வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் படத்தில் என்ன ஓடியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, ருத்ராவை விடுதலை செய்தார்கள், பூ போட்டார்கள், நிஜ ருத்ராவே கடைசியில் வந்து கையெடுத்துக் கும்பிட்டான், தலையில் கொஞ்சம் நரை, சிரிப்பு அதேதான். நான் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தன் கை என் கைமேல் இருக்கிறது, கீழே நான் அசையாமல் இருக்கிறேன், எத்தனை வருஷம் படித்துப் பரீட்சை எழுதி கேஸ் நடத்திக் கல்யாணம் பண்ணி வந்து சேர்ந்த இடம் இதுதானா. கோபம் வந்தால் எனக்கு அழுகை வந்துவிடும், அதனாலேயே கோர்ட்டில் கெட்டேன், அழுகிறாள் நடிக்கிறாள் என்றார்கள். இன்றைக்கு அழுகை வரவில்லை. கண் காய்ந்துபோய் இருந்தது. படம் முடிந்ததும் அகிலா குதித்து எழுந்தாள். சேனலில் அறிவித்திருக்கிறார்களாம், படம் எப்படி என்று குடும்பத்தோடு பேசி வீடியோ அனுப்பினால் அடுத்த ஞாயிறு நிகழ்ச்சியில் போடுவார்களாம், நன்றாகப் பேசும் குடும்பத்தை ருத்ராவே கூப்பிட்டுப் பேசுவாராம். ஒருத்தரும் நகரக் கூடாது என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். முதலில் அத்தை. தலையைக் கோதிக்கொண்டு, தம்பி நூறு வருஷம் நல்லா இருக்கணும், அந்தப் பொண்ணுக்கு ஆண்டவன் நல்ல புத்தி குடுக்கணும் என்றார். போன் இந்தப் பக்கம் திரும்பியது. இவர் என் கையை விட்டுவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை, வெட்கம் கெட்ட நப்பாசை, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று நழுவிக்கொண்டால்கூடப் போதும், தலைவலி என்று எழுந்து போனால்கூடப் போதும் என்று இருந்தது.

“நல்லா எடுத்திருக்காங்க,” என்றார் இவர், போனைப் பார்த்து. “ருத்ரா சார் கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனா திறமைசாலி. அந்தப் பொண்ணும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்திருக்க வேணாம்.”

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கடலைத் தட்டைப் பார்த்தார். அனுசரித்து. எதை? மாவை ஊற்றினேனே, அது போதாதா, அந்தக் கையோடு அடையை ஊற்றினேனே அய்யா, அதற்கு மேல் எதை அனுசரிக்க? விளம்பரத்தில் யாரோ பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அகிலா போனைத் திருப்பி, அண்ணி நீங்கதான் கேட்டரிங் படிச்சவங்க, நீங்க பேசினாத்தான் எடுபடும் என்றாள், நல்ல மனதோடுதான் சொன்னாள், அவளுக்கு என்ன தெரியும். இவர் வசு வேண்டாம், அவளுக்கு இதெல்லாம் வராது என்றார். வராதாம். மடியிலிருந்து கையை எடுத்தேன். எடுத்து அந்தப் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

“என் பேர் வசுமதி. கேஸ் போட்டது நான்தான், மோகனான்னு நீங்க காட்டினது என்னைத்தான். இந்தக் கையை நானா வைக்கல. ருத்ரமூர்த்தி அமுக்கினான். சிரிச்சுக்கிட்டே அமுக்கினான்.”

அவனை அவன் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கோர்ட்டில்கூட செஃப் என்றுதான் சொன்னேன். அத்தை சோபாவிலிருந்து காலைக் கீழே இறக்கி என் கையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார், நேசா என்று ஒரு தடவை கூப்பிட்டார், அவர் திரும்பவில்லை. அகிலா போனை இன்னும் என் முன்னால் தூக்கித்தான் பிடித்திருந்தாள். இவர் எழுந்தார். கோபமாகக்கூட இல்லை, ஆபீசில் ஏதோ ஒரு தவறைச் சரிசெய்யச் சொல்கிற குரலில், அகிலா, கடைசியில இருக்கிறதை மட்டும் அழிச்சிடு என்றார்.

“அழிக்காத அகிலா,” என்றேன். “எனக்கு முன்னாடி உங்க அண்ணன் பேசினாருல்ல, அதையும் சேர்த்தே அனுப்பு.”